என் தாடையில் பிளாஸ்டிக் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 'பிளாஸ்டிக் சர்ஜரி மோகம்' என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். மூக்கைச் செதுக்கிக்கொண்டவர்கள், உதட்டைப் பெரிதாக்கிக்கொண்டவர்கள், கன்னத்தில் குழி வரவழைத்துக்கொண்டவர்கள் என்று வரிசையாக நாலு படம். கட்டுரையில் தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, எழுதியிருந்ததெல்லாம் நடப்பதுதான். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கிற யாருக்கும், பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் காசும் நேரமும் மிச்சமிருக்கிறவர்கள் கண்ணாடி முன்னால் நின்று யோசித்து முடிவெடுக்கிற சமாச்சாரம் என்றுதான் தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் கீழ்த்தாடையில் பாதி, என் இடது காலிலிருந்து எடுத்து வைத்தது. வைத்தவர் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்தது புற்றுநோய் இல்லை. அமெலோபிளாஸ்டோமா என்று ஒரு கட்டி. பல்லின் எனாமலை உருவாக்குகிற செல்களின் வழியில் வருவது. பெரும்பாலும் வேறெங்கும் பரவாது, ஆரம்பத்தில் வலிகூட இருக்காது, ஆனால் தாடை எலும்பை உள்ளே இருந்தே அரித்து ஊதவைத்துவிடும். மேலாகச் சுரண்டி எடுத்தால் திரும்ப வருகிற வாய்ப்பு அதிகம், அதனால் சுற்றியிருக்கிற நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டவேண்டும், முகவாய்ப் பகுதியும் போகும் என்றார்கள். சரி, எடுத்துவிட்டு அப்படியே தைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். பயத்தில் எதையாவது கேட்போம் இல்லையா. டாக்டர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார்: நாக்கை முன்பக்கம் இழுத்துப் பிடித்திருப்பதே முகவாய் எலும்புதான், அது போனால் நாக்கு பின்னால் சரியும், கீழுதடு தாங்க ஆளில்லாமல் தொங்கும், எச்சில் நிற்காது, மெல்ல முடியாது, மூச்சுக்கே சிரமம் வரலாம். அழகு என்கிற வார்த்தை அந்தப் பேச்சில் ஒருமுறைகூட வரவில்லை.

முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள். உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது உள்பக்கம் இருக்கிற பெரியது. வெளிப்பக்கத்தில் ஒல்லியாக ஒன்று கூடவே ஓடுகிறது, ஃபிபுலா என்பார்கள். முழங்கால் பக்கமும் கணுக்கால் பக்கமும் கொஞ்சம் விட்டுவிட்டு நடுத்துண்டை எடுத்துக்கொண்டால் மனிதன் பழையபடி நடக்கலாம். எலும்பை மட்டும் உருவி வைப்பதில்லை. அதற்கு ரத்தம் கொண்டுவருகிற தமனி, திருப்பிக் கொண்டுபோகிற சிரை, மேலே ஒரு துண்டுத் தோல், எல்லாம் ஒரே கொத்தாக வரும். இதைத்தான் அவர்கள் ஃபிளாப் என்கிறார்கள். நேரான எலும்பை இரண்டு மூன்று துண்டாக நறுக்கி, தாடையின் வளைவுக்கு வளைத்து, டைட்டேனியம் தகட்டில் திருகி, அதன் ரத்தக்குழாய்களைக் கழுத்தில் இருக்கிற குழாய்களோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கவேண்டும். குழாயின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். நூல் தலைமுடியைவிட மெல்லியது. தாடையில் ஒரு குழு, காலில் ஒரு குழு என்று ஒரே நேரத்தில் வேலை பார்த்தும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று பிறகு வீட்டில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் கண்ணை மூடினேன், இரவில் கழுத்தில் ஒரு குழாயோடு பேச்சு வராமல் விழித்தேன், அவ்வளவுதான்.

அந்த முதல் இரண்டு நாளைப் பற்றி யாராவது எழுதவேண்டும். மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து, பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்பார். புஷ்... புஷ்... என்று சத்தம் வந்தால் சரி. கழுத்தைத் திருப்பக்கூடாது, திருப்பினால் தைத்த ரத்தக்குழாய் மடங்கிவிடலாம். அறை குளிரக்கூடாது, குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கும். வாய்க்குள் தைத்திருந்த தோல் வெளுத்தால் தமனியில் அடைப்பு, கருநீலமாக ஊதினால் சிரையில் அடைப்பு. இரண்டில் எது வந்தாலும் அந்த இரவே திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போகவேண்டும், தாமதித்தால் மொத்தமும் செத்துவிடும். சிரை மட்டும் தேங்கினால் சில சமயம் அட்டை விடுவதும் உண்டாம், நிஜமான அட்டைப்பூச்சிதான், தேங்கிய ரத்தத்தைக் குடித்துக் குறைக்க. அதன் குடலில் இருக்கிற பாக்டீரியா நம் ரத்தத்தில் கலந்துவிடாமல் இருக்கக் கூடவே ஆன்டிபயாடிக்கும் கொடுப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. கேட்டு வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது, "உள்ளே பிளாஸ்டிக்கா வச்சிருக்காங்க?" என்பதுதான். சிரிப்பு வந்தது, ஆனால் அப்போது சிரித்தால் தையல் இழுக்கும். அந்தப் பெயருக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் சம்பந்தமில்லை. கிரேக்கத்தில் உருக்கொடுப்பது, வனைவது என்கிற பொருளில் இருந்த சொல்லிலிருந்து வந்தது. மூக்கை மறுபடி உண்டாக்குவது பற்றி கிராஃபே என்ற ஜெர்மன் மருத்துவர் 1818-இலேயே தன் நூலின் தலைப்பில் இந்தச் சொல்லை வைத்துவிட்டார். பேக்கலைட் என்ற முதல் செயற்கை பிளாஸ்டிக் வந்ததோ 1907-இல்தான்.

இன்னொன்று, இது உங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். மூக்கை மறுபடி உண்டாக்குகிற சிகிச்சை ஐரோப்பாவில் மறுபடி தலையெடுத்ததே ஒரு வாசகர் கடிதத்தால்தான். 1794 அக்டோபரில் லண்டனில் வந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் பி.எல். என்று மட்டும் கையெழுத்திட்டு ஒருவர் எழுதினார். ஆங்கிலேயர் படையில் மாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவர் 1792 போரில் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பிறகு புணே பக்கத்தில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்துகொடுத்தார். மெழுகில் மூக்கின் அளவு எடுத்து, அதை நெற்றியில் விரித்து வைத்து வரைந்துகொண்டு, தோலை அறுத்து, புருவத்துக்கு நடுவில் ஒரு காம்பை மட்டும் விட்டுக் கீழே திருப்பித் தைப்பது. ரத்தம் அந்தக் காம்பு வழியாக வரும். இதைப் படித்த கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் பிணங்களில் பழகிப் பார்த்து, இருபது வருஷம் கழித்து, 1814-இல் உயிருள்ள நோயாளிக்குச் செய்தார். சுஸ்ருத சம்ஹிதையில் கன்னத்துத் தோலை வைத்து மூக்கு செய்கிற முறை அதற்கும் வெகுகாலம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. இன்றும் மூக்கில் புற்றுநோய் வந்து பெரிய துண்டு போனவர்களுக்கு அதே நெற்றித் தோல்தான். மூன்று வாரம் காம்போடு தும்பிக்கை மாதிரி இருந்துவிட்டு, அப்புறம் அதை வெட்டிவிடுவார்கள். செங்கல் அறுத்தவரின் பெயரை மட்டும் அந்தக் கடிதம் சொல்லவில்லை.

பெயர் விளக்கத்துக்காக இவ்வளவு எழுதவில்லை. வார்டில் எனக்கு இரண்டு படுக்கை தள்ளி ஒரு பெண் இருந்தார். தீக்காயம் பட்டு இரண்டு வருஷம். உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆனதும் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். கழுத்துத் தீக்காயம் ஆறுவது என்பது வெறுமனே ஆறுவதில்லை, ஆற ஆறத் தழும்பு சுருங்கும். கழுத்துத் தோல் மெல்லியது, எந்நேரமும் அசைவது, அதனால் சுருக்கம் அங்கேதான் மோசம். கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கீழுதடு வெளியே பிதுங்கி இழுபட்டு, வாய் மூடவில்லை. எதிரே வருகிறவரைப் பார்க்க முதுகோடு சேர்த்துப் பின்னால் சாயவேண்டும். இவ்வளவுக்கும் அவர் இரண்டு வருஷம் வராததற்குக் காரணம், "உயிர் பிழைச்சதே பெருசு, இதுல அழகு வேற கேக்குதா" என்று வீட்டில் சொன்னதுதான். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிளாஸ்டிக் சர்ஜரி வார்டுக்கு எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு அப்படிப் புரிந்துகொண்டார்கள்.

அவருக்கு மயக்கம் கொடுப்பதே பெரிய பாடாக இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்தால்தானே தொண்டைக்குள் குழாய் போடமுடியும், அவருக்குத் தலை சாயாதே. முழு மயக்கம் கொடுக்குமுன் கழுத்தை மட்டும் மரக்கவைத்துத் தழும்பைக் கொஞ்சம் அறுத்து விடுவித்து, பிறகுதான் குழாய் போட்டார்கள். தழும்பை முழுதாக அறுத்துக் கழுத்தை நிமிர்த்தினால் நாம் நினைப்பதைவிடப் பெரிய ரணம் திறக்கும், அவ்வளவு தோல் காணாமல் போயிருக்கிறது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோலும் சுருங்கப் பார்க்கும் என்பதால் மாதக்கணக்கில் கழுத்துப்பட்டை, இறுக்கமான துணி, தினமும் பயிற்சி. சீக்கிரமே வந்திருந்தால் தழும்பு இந்த அளவுக்கு இறுகுமுன்பே பட்டையும் பயிற்சியும் ஆரம்பித்திருக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டு பிரித்து நாலைந்து நாள் கழித்து அந்தப் பெண் நிமிர்ந்து கூரையில் ஓடுகிற மின்விசிறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பிளவுபட்ட உதட்டோடும் அண்ணத்தோடும் பிறக்கிற குழந்தைகளுக்கும் இதே கதை. உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தை ஒரு வயதை ஒட்டியும் தைப்பது வழக்கம், ஏனென்றால் குழந்தை பேச ஆரம்பிக்குமுன் வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் சுவர் வேண்டும். 'வளர்ந்ததும் கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணிக்கலாம்' என்று தள்ளிப்போட்டால், பிறகு தைத்தாலும் மூக்கால் பேசுகிற பழக்கம் அவ்வளவு லேசில் போகாது. முகவாதம் வந்து கண் மூடாதவர்களுக்கு மேல் இமைக்குள் ஒரு கிராம் அளவில் தங்கத் துண்டு வைப்பார்கள், தெரியுமோ? அந்தப் பாரத்தில் இமை தானாக இறங்கும், கருவிழி காயாமல் பார்வை தப்பும். தங்கம் என்றதும் நகை ஞாபகம் வருகிறவர்களுக்கு இதையும் அழகுக் கணக்கில் எழுத வசதியாகத்தான் இருக்கும்.

நான் கிண்டலுக்காகச் சொல்லவில்லை, எனக்கே அப்படி எழுதினார்கள். எலும்பு கூடி ஆறு மாதம் ஆனபின் அதில் பல் பொருத்துவதற்கு விண்ணப்பித்தால், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரே வரியில் பதில்: 'தோற்ற மேம்பாட்டுக்கான சிகிச்சை, பொருந்தாது.' எனக்குக் கீழ்வரிசையில் ஏழு பல் இல்லை. மெல்லுவது தோற்றமா? டாக்டர் விளக்கக் கடிதம் கொடுத்து, எக்ஸ்ரே கொடுத்து, மறுபடி டாக்டர் கடிதம் கொடுத்து, நாலு மாதம் கழித்துச் சம்மதித்தார்கள். அந்த வரியை எழுதியவர் உங்கள் இணைப்பின் வாசகராக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். கீழுதட்டுக்குப் போகிற நரம்பு கட்டியோடு போய்விட்டது, உதட்டில் ஏதாவது ஒட்டியிருந்தால் எனக்குத் தெரியாது, யாராவது சொல்லவேண்டும். முகம் ஒரு பக்கம் லேசாகக் கோணல். குளிர்காலத்தில் கணுக்கால் பிடிக்கும். அப்புறம் ஒரு வேடிக்கை: வாய்க்குள் வைத்த தோல் காலிலிருந்து வந்தது அல்லவா, அது தான் காலில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு முடி வளர்த்தது. மாதம் ஒருமுறை கத்தரிக்கப் போனேன், பிறகு லேசர் வைத்துத் தீர்த்தார்கள். ஆனால் சாப்பிடுகிறேன், பேசுகிறேன், வைத்தது என் எலும்பே என்பதால் உடம்பு ஏற்க வைக்கும் மாத்திரை எதுவும் இல்லை. 2005-இல் பிரான்சின் அமியான் நகரில் இசபெல் தினுவார் என்ற பெண்ணுக்கு இறந்தவரின் முகத்துப் பகுதியை எடுத்துப் பொருத்தியபோது உலகத்தின் எல்லாப் பத்திரிகையும் எழுதியது, எழுதவேண்டியதுதான், அது முதல்முறை. ஆனால் அவர் ஆயுள் முழுக்க அந்த மாத்திரைகளைச் சாப்பிடவேண்டியிருந்தது. நம் உடம்பின் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தை ஒட்டுப்போடுகிற வேலை தினமும் நடக்கிறது, அதைப் பற்றி அரைப் பத்திகூட வருவதில்லை.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக 1917-இல் இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் ஹெரால்ட் கில்லிஸ் என்ற சர்ஜன் தலைமையில் ஒரு ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை நடந்த இடம். ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போகிற வழியில் சில பெஞ்சுகளுக்கு நீலவண்ணம் அடித்து வைத்திருந்தார்களாம், இதில் உட்கார்ந்திருப்பவரின் முகம் உங்களைத் திடுக்கிடவைக்கலாம் என்று ஊர்க்காரர்களுக்கு எச்சரிக்கை. அடுத்த போரில் கில்லிஸின் உறவினர் மெக்கிண்டோ, தீக்காயம் பட்ட விமானிகளுக்கு ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் சிகிச்சை செய்தபோது வேறு மாதிரி யோசித்தார். ஊர்க்காரர்களிடம் பேசி, இவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பாதீர்கள், வெறித்தும் பார்க்காதீர்கள், வீட்டுக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வெறித்துப் பார்க்காத ஊர் என்று அதற்குப் பெயரே வந்தது. பத்திரிகை என்பதும் ஒரு ஊர் மாதிரிதான், அங்கே எங்கள் முகம் வந்தால் ஒன்று நீலப் பெஞ்சில் வரும், இல்லாவிட்டால் வருவதே இல்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அழகுக்காகச் செய்துகொள்கிறவர்களைத் திட்டி எழுதச் சொல்லவில்லை, அது அவரவர் முகம், அவரவர் இஷ்டம். அதை எழுதும்போது அழகுச் சிகிச்சை என்று எழுதுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி என்ற தலைப்பில் ஒரு முழுப் பக்கம் மறுபடி வருமானால், தாடையும் கழுத்தும் இமையும் அண்ணமும் போனவர்களுக்குச் செய்கிற வேலைக்கு அதில் பாதியாவது இடம் கொடுங்கள், எங்கே போகவேண்டும், எவ்வளவு சீக்கிரம் போகவேண்டும் என்பதையும் சேர்த்து. நல்ல சர்ஜன் யாரையாவது கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால், தயவுசெய்து பக்கத்தில் அந்த உதட்டுப் படத்தை மறுபடி போட்டுவிடாதீர்கள். படம் வேண்டுமென்றால் என் எக்ஸ்ரேயை அனுப்புகிறேன், திருகாணிகள் பன்னிரண்டும் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்