பத்திரத்துக்கு முன்னால் ஆடிட்டரைப் பார்

தஞ்சாவூர்
18.11.2025

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் வசந்தியும் சௌக்கியம் என்று நம் பத்து சொன்னான். பேத்திக்கு மொட்டை போட்ட படம் பார்த்தேன், அப்படியே உங்கள் அம்மா ஜாடை. தீபாவளிக்கு நான் போன் செய்யவில்லை என்று நீ திட்டியதும் வந்து சேர்ந்தது. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

இப்போது எழுதுவது உன் வாய்ஸ் மெசேஜுக்காக. வருமான வரிக் கணக்கை ஆன்லைனில் நானே போடவா, ஆடிட்டரிடம் கொடுக்கவா என்று கேட்டாய். கேட்டுவிட்டு, போகிற போக்கில், மன்னார்குடி வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது, தை பிறந்ததும் பத்திரம் என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்திலிருந்தே நீ இப்படித்தான். சைக்கிள் பெல் தொலைந்துவிட்டது என்று ஆரம்பிப்பாய், கடைசியில் பார்த்தால் சைக்கிளே இருக்காது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். பென்ஷனும் வங்கி வட்டியும் மட்டும் வருகிற வருஷத்தில் நீயே போடு. ஆடிட்டர் வேண்டாம், காசு வாங்கும் தனியார் தளமும் வேண்டாம். வருமான வரித் துறையின் இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டு உள்ளே போனால், பென்ஷன், டி.டி.எஸ். என்று முன்கூட்டியே பிடித்த வரி, வங்கி வட்டி எல்லாம் ஏற்கெனவே நிரப்பி வைத்திருப்பார்கள். 2021இலிருந்து ஏ.ஐ.எஸ். என்று, உன் பேரில் பதிவான வட்டி, வரவு எல்லாம் காட்டும் ஓர் அறிக்கையும் அங்கே இருக்கிறது. அதை மட்டும் ஒரு தடவை வரி வரியாகப் படித்துவிடு. இந்த வருஷம் என்னுடையதில் 1,840 ரூபாய் வட்டி ஒன்று தனியாக நின்றது. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பையனைக் கல்லூரியில் சேர்த்தபோது திறந்த கணக்கு. பாஸ்புக்கைத் தேடி பீரோவையே கவிழ்த்தோம். அந்த 1,840ஐயும் சேர்த்துத்தான் போட்டேன். கடைசியில் ஆதார் ஓ.டி.பி. கொடுத்து உறுதி செய்ய மறந்துவிடாதே. 30 நாளுக்குள் அதைச் செய்யாவிட்டால் போட்ட ரிட்டர்ன் செல்லாது.

அப்புறம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவர் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டு வாங்கித் தருகிறார், வந்ததில் ஒரு பங்கு அவருக்கு என்றாயே, அவரிடம் போகவே போகாதே. கட்டிய வரியில் உனக்கு நியாயமாகத் திரும்ப வர வேண்டியதற்கு இன்னொருவருக்கு எதற்குப் பங்கு? அப்படிப் பங்கு கேட்கிறவர்கள் நீ கொடுக்காத கட்சி நன்கொடையையும், தராத வாடகையையும், கட்டாத மருத்துவக் காப்பீட்டையும் எழுதித்தான் ரீஃபண்டு வரவழைப்பார்கள். இதற்காகவே போன ஜூலை 14ஆம் தேதி வருமான வரித் துறை நாடு முழுக்கப் பல இடங்களில் சோதனை போட்டது. மாட்டினால் கையெழுத்து உன்னுடையது. தெரிந்தே பொய்க் கணக்கு என்று முடிவானால், மறைத்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரலாம். பத்துவுக்கு அவர் வழியாக ரீஃபண்டு வந்தது என்று சொன்னாய். அவனைக் கூப்பிட்டு, என்ன எழுதினார் என்று ரிட்டர்ன் நகலை எடுத்துப் பார்க்கச் சொல். தப்பாக இருந்தால் இந்த டிசம்பர் 31க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டுவிடலாம். நானும் பேசுகிறேன், ஆனால் நீ சொன்னால்தான் அவன் கேட்பான்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். இதற்கு ஆடிட்டர் வேண்டும் சேகர், அதுவும் இப்போதே வேண்டும். ஜூலையில் போனால் நடந்து முடிந்ததை எழுதித் தருவார், அவ்வளவுதான்.

என் மச்சினன் கும்பகோணத்து இடத்தை விற்றபோது நானும் கூடப் போயிருந்தேன். பையிலிருந்து காகிதத்தை எடுப்பதற்கு முன்பே ஆடிட்டர் கேட்டார், “பத்திரம் ஆயிடுச்சா, இனிமேதானா?” இனிமேல்தான் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். பங்குதாரர்கள் யார் யார், அவர்களில் வெளிநாட்டில் இருக்கிறவர் உண்டா, பட்டா யார் பேரில், வருகிற பணத்தை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டுக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் ஆனது, ஓர் எண்கூட எழுதவில்லை. அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் நாம் ஃபீஸ் கொடுக்கிறோம் என்று எனக்கு அன்று தோன்றியது. சாஃப்ட்வேர் வாங்கிய விலை என்ன, விற்ற விலை என்ன என்று கேட்கும். போட்டதைப் பிழையில்லாமல் கூட்டிக் கழித்தும் கொடுக்கும். என்ன போட வேண்டும் என்பதுதானே நம் பிரச்சினை?

உன் வீட்டையே எடுத்துக்கொள். 48 லட்சம் என்றாய். நீயும் மங்களம் அக்காவும் ஆளுக்குப் பாதி, உன் பங்கு 24. உங்கள் தாத்தா காலத்து வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்று அது என்ன பெறுமோ அதை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். அன்று வீடு 8 லட்சம், உன் பங்கு 4 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். இப்போதைய 12.5 சதவீத வரி முறையில் லாபம் 20 லட்சம், வரி இரண்டரை லட்சம். 2024 ஜூலை 23க்கு முன்பே கைக்கு வந்த சொத்துக்குப் பழைய 20 சதவீத முறையும் உண்டு. அதில் பணவீக்கக் குறியீடு சேரும். 2001க்கு 100, இந்த 2025-26 நிதியாண்டுக்கு 376. உன் 4 லட்சம் 15,04,000 ஆகிவிடும். லாபம் 8,96,000, வரி 1,79,200. எது குறைவோ அதைக் கட்டினால் போதும். உன் பங்கில் மட்டும் 70,800 ரூபாய் மிச்சம், அக்காவுக்கும் அதே அளவு.

ஆனால் அந்த 8 லட்சத்துக்கு ஆதாரம் என்ன? பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த அன்றைய வழிகாட்டி மதிப்பு கிடைத்தால் அதற்கு மேல் போகவும் கூடாது. வாங்குகிறவர் வீட்டை இடித்துக் கடை கட்டப் போகிறார் என்று நீதான் சொன்னாய். இடித்த பிறகு மதிப்பீட்டாளர் எதைப் பார்ப்பார்? முற்றம், தேக்குத் தூண்கள், கொல்லையில் அந்தக் கிணறு எல்லாம் அறிக்கையில் வர வேண்டாமா? இதற்காகத்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

12 லட்சம் வரை வரி கிடையாது, அதனால் பயமில்லை என்றும் சொன்னாய். அந்தச் சலுகை இந்த லாபத்துக்கு ஒட்டாது. அது மட்டுமில்லை, லாபத்தையும் சேர்த்து மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிவிடுவதால் பென்ஷனுக்கும் சலுகை போய்விடும். உன் 7 லட்சம் பென்ஷனில் நிலைக்கழிவு 75,000 கழித்தாலும் 11,250 ரூபாய் வரி வரும், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. வழக்கம்போல நீயே போட்டிருந்தால், திரையில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

பணத்தை உன் மகன் ரவியின் சென்னை ஃபிளாட்டுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். இதையும் ஆடிட்டரிடம் வாய்விட்டுச் சொல். வீடு விற்ற லாபத்தில் இரண்டு வருஷத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினாலோ, மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ வரிவிலக்கு உண்டு. புது வீடு உன் பேரில் இருந்தால்தான் அது வம்பில்லாமல் கிடைக்கும். ரவியின் பேரில் மட்டும் பதிந்துவிட்டு அப்புறம் விலக்குக் கேட்டால் தகராறுதான். ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் வீடு அமையாவிட்டால், பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனியாகப் போட்டு வைக்க வேண்டும், சேமிப்புக் கணக்கில் கிடந்தால் சேராது.

முன்பணமாக ரொக்கம் கொடுத்தால் வாங்காதே. வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகும். பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடலாம் என்று தரகர் சொன்னால் அதற்கும் தலையாட்டாதே. அக்காவின் பங்கு நேராக அக்காவின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். உன் கணக்கில் 48 லட்சம் விழுந்து, பிறகு நீ பிரித்துக் கொடுத்தால், விளக்கம் சொல்லியே மாள வேண்டும். அக்காவும் தனியாக ரிட்டர்ன் போட வேண்டும். அத்திம்பேர் போனபிறகு அவள் ஒரு காகிதத்தையும் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு பான் இருக்கிறதா, ஆதாரோடு இணைத்திருக்கிறதா என்று முதலில் பார். இந்த விஷயத்தில் அவளை அலைக்கழிக்க விடக்கூடாது சேகர். பரீட்சை நாட்களில் நம் மூன்று பேருக்கும் சோறு கட்டிக் கொடுத்தவள்.

யாரிடம் போவது என்று கேட்பாய். மச்சினனுக்குப் பார்த்தவரையே நான் கேட்டுவைக்கிறேன். வேறு யாரிடமாவது போனால் பட்டயக் கணக்காளர் (சி.ஏ.)தானா என்று உறுப்பினர் எண்ணைக் கேட்டுக்கொள். மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா, பழைய வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்து வை. வில்லங்கச் சான்று இல்லையென்றால் இன்றைக்கே ஆன்லைனில் மனுப் போடு. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் மன்னார்குடிக்கு வருகிறேன், வீட்டைப் போட்டோ எடுத்துவிடலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுது. அதுவரை முன்பணம் வாங்காதே, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
மூர்த்தி