இரண்டு லைன் அடாப்டர் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாம்பனில் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கும் கடை எங்களுடையது. கீழே கடை, மாடியில் வீடு. 04573 என்று தொடங்கும் தரைவழி எண்கள் இரண்டு, ஒன்று கடைக்கு, ஒன்று வீட்டுக்கு, இருபது வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. செப்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் வந்தபோது இரண்டையும் விடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். செல்போன்தான் இருக்கிறதே என்றார்கள். என் மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், பேச முடியாது, தடுத்து வைத்திருக்கிறார்கள். அவன் வீட்டு எண்ணுக்குத்தான் கூப்பிடுவான். மாமாவுக்கு எண்பது வயதாகிறது, செல்போனைத் தொட்டுப் பழக்கமில்லை. கடை எண்ணோ கரையோரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் படகுகள் கரையில் நிற்கும், வலை வேலை நடக்கும், கடை போன் ஓயாது. அந்த நேரத்திலும் மகன் கூப்பிட்டால் மேலே மணி அடிக்க வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் இரண்டு எண்ணையும் இணைய வழிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் சுவரில் மாட்டிய பெட்டியில் போன் செருக இடமே இல்லை. "ரெண்டு லைன் அடாப்டர் ஒண்ணு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சாதாரண போனை இணைய இணைப்போடு சேர்க்கும் சின்னப் பெட்டிதான் இந்த அடாப்டர். மதுரையில் ஒரு கடையில் கேட்டோம். போன் பின் நுழைகிற மாதிரி இரண்டு சாக்கெட் உள்ள பெட்டியைக் கொடுத்து, "இதுதான் ரெண்டு லைன்" என்றார்கள். மாட்டிப் பார்த்தால் கடை போனில் டயல் டோன் வந்தது, வீட்டு போன் செத்துக் கிடந்தது. இரண்டு நாள் ஒயரை மாற்றி மாற்றிச் செருகினோம். பிறகுதான் பெட்டியின் பின்பக்கத்து எழுத்தை வெளிச்சத்தில் காட்டிப் படித்தேன். ஒன்றில் எஃப்எக்ஸ்எஸ் (FXS), மற்றதில் எஃப்எக்ஸ்ஓ (FXO).

எஃப்எக்ஸ்எஸ் என்பதுதான் போன் மாட்டும் சாக்கெட். டயல் டோனையும், மணி அடிக்கத் தேவையான மின்சாரத்தையும் அதுதான் கொடுக்கும். எஃப்எக்ஸ்ஓ என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் பழைய லைனைச் செருகுவதற்கு. அதில் போனை மாட்டினால் ஒன்றும் வராது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே அச்சு. ஆகவே வாங்கப் போகிறவர்கள் மொத்தச் சாக்கெட்டை எண்ணாமல் எஃப்எக்ஸ்எஸ் எத்தனை என்று கேளுங்கள். கிராண்ட்ஸ்ட்ரீம் என்ற கம்பெனியின் பெட்டிகளில் எச்டி802-ல் (HT802) போன் சாக்கெட் இரண்டு, எச்டி814-ல் நான்கு. எச்டி813-ல் போனுக்கு ஒன்று, எக்ஸ்சேஞ்ச் லைனுக்கு ஒன்று. பெட்டியின் மாடல் எண் கூடினால் லைனும் கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கடைக்காரரிடம் திரும்பப் பேசியபோது, ஒரே சாக்கெட்டில் ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு போனையும் மாட்டிக்கொள்ளச் சொன்னார். அப்படிச் செய்தால் இரண்டிலும் மணி அடிக்கும். மாமா பேரனோடு பேசுவதைக் கடையில் போனை எடுப்பவர் எல்லாம் கேட்கலாம். லைன் ஒன்றுதான். வேகம் கூடிய பிளானுக்கு மாறச் சொன்னார், அதுவும் தேவையில்லை. ஒரு பேச்சுக்கு நொடிக்குப் போக ஒரு 100 கிலோபிட், வர ஒரு 100 கிலோபிட் இருந்தால் போதும். இரண்டு பேர் சேர்ந்து பேசினாலும் இப்போதுள்ள மிகச் சின்ன பிளானில் ஒரு மூலைக்குக் காணாது.

சரி, பெட்டியை மாற்றி வாங்கினோம். அப்புறம் மாமாவின் போன். கறுப்பு நிறம், சுற்றி டயல் பண்ணுவது. மகன் கூப்பிட்டபோது கணீரென்று அடித்தது, பேச்சும் தெளிவாகக் கேட்டது. மாமா திருப்பிக் கூப்பிடச் சுற்றினால் மட்டும் டயல் டோன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஏழில் விரல் வைத்துச் சுற்றிவிட்டால், டயல் திரும்பி வரும்போது லைன் ஏழு முறை விட்டுவிட்டுத் துண்டிக்கும், பழைய எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணிக்கொள்ளும். இந்தப் பெட்டிக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை, பட்டன் போடும் ஓசை மட்டும்தான் தெரியும். இப்படித் துண்டித்து எண்ணுவதற்குப் பெயர் 'பல்ஸ்'. பழைய போனை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், பெட்டி 'பல்ஸ்' டயல் எடுக்குமா என்று கேட்டே வாங்குங்கள். பட்டன் போன் பலவற்றிலும் அடியிலோ பக்கத்திலோ 'பி' (பல்ஸ்), 'டி' (டோன், அதாவது பட்டன் ஓசை) என்று சின்ன சுவிட்ச் இருக்கும். கடை போனில் அது 'பி'யில் கிடந்ததால் அரை நாள் வீண். 'டி'க்குத் தள்ளியதும் சரியாகிவிட்டது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது கரண்ட். செப்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், அங்கே பேட்டரி உண்டு. ஊரே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டோன் கேட்கும். இப்போது ஃபைபர் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும், அடாப்டருக்கும் கரண்ட் வேண்டும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும் நாளில்தான் எங்கள் பக்கம் கரண்ட் போகும். கடலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் கடைக்குப் போன் செய்து, அந்தப் படகு வந்துவிட்டதா, இந்த வல்லம் கரை பிடித்துவிட்டதா என்று கேட்பதும் அந்த நாளில்தான். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க எங்கள் இரண்டு லைனும் ஊமையாகக் கிடந்தன. விடிந்ததும் ஒரு பெண் கைக்குழந்தையோடு நனைந்துகொண்டே கடைக்கு நடந்து வந்து, "ஏன்க்கா போனை எடுக்கல?" என்று கேட்டாள். அவள் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாளே ரவுட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் வாங்கினோம். அதிலும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஃபைபர் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட். அடாப்டர்களில் சிலது 12, சிலது 5. இரண்டும் கொடுக்கிற யுபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும். கார்டுலெஸ் போன் வைத்திருந்தால் அதற்கும் தனிக் கரண்ட் வேண்டும் என்பதால் ஒயர் போன் ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும். ஒயர் பின்னை உப்புக்காற்று விடாது, ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும். மாற்று ஒயர் ஒன்றை மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன்.

கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, அவசரத்துக்கு 112, இந்த எண்களெல்லாம் புதிய லைனில் போகுமா என்று நான் கேட்டபோது லைன் கொடுக்க வந்தவருக்கே பதில் தெரியவில்லை. இணைய வழி போன் கொடுக்கும் கம்பெனிகள் இதற்கு எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். அவர்கள் வைக்கும் பெட்டியில் போன் சாக்கெட் எத்தனை, கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும், தெருமுனையில் அவர்கள் வைத்திருக்கும் கருவிக்குப் பேட்டரி உண்டா என்பதையும் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, செப்புக் கம்பியைக் கழற்றும் முன்பே வீட்டில் கொடுக்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்யுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலைக்கடை வாசகி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.