அந்தப் பறவை நடனமாடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் கடைசிப் பக்கத்தில் திருகோணமலைக் கடற்கரையில் எடுத்த வண்ணப்படம் ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். உப்புக்கொத்தி என்ற சிறு கரையோரப் பறவை ஒன்று வாலை விரித்து, ஒரு பக்கச் சிறகை மணலில் இழுத்தபடி சரிந்து கிடக்கிறது. கீழே, 'வெண்மணலில் ஒரு நடனம்' என்று குறிப்பு. படம் அழகுதான். எடுத்தவரின் கைத்திறமையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குருவி நடனமாடவில்லை, சிறகு முறிந்ததுபோல நடிக்கிறது. முட்டை கிடக்கும் இடத்தை ஆள் நெருங்கிவிட்டால், 'நான் எளிதில் அகப்படுவேன், என் பின்னால் வா' என்று காட்டி அவரை அப்பால் இழுத்துப் போவது அதன் வழக்கம். நாயிடமும் கீரியிடமும் ஆடுகிற அதே நாடகத்தை உங்கள் படக்காரரிடமும் ஆடியிருக்கிறது.

இந்த ஊரில் நாற்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். கல்யாண வீடுகள் இல்லாத நாட்களில் நிலாவெளிப் பக்கம் களப்போரமாகக் கமராவோடு திரிவேன். ஒருமுறை ஆள்காட்டிக் குருவியின் கூட்டைக் கண்டேன். கூடு என்ன கூடு! நிலத்தில் சிறு பள்ளம், சுற்றிச் சில கற்கள், நடுவே கூர்முனைகளை உள்நோக்கி வைத்த நான்கு முட்டைகள். முன்னால் நின்ற புல் மறைத்தது. பிடுங்கி எறிந்தேன். குருவி என் தலைக்கு மேலே கத்திக்கொண்டேயிருந்தது. அது காட்டிக்கொடுத்த ஆள் நான்தான். படம் துல்லியமாக வந்தது. மறுநாள் போனால் முட்டை ஒன்றுகூட இல்லை. பள்ளத்தைச் சுற்றிக் காகத்தின் கால்தடம், பக்கத்திலேயே என் செருப்புத் தடம். அந்த நெகட்டிவ் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பிரிண்ட்கூடப் போட்டதில்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றே நினைக்கிறோம். உச்சிவெயிலில் உப்புக்கொத்தி செய்வது அதற்கு நேர்மாறு. முட்டைக்கு மேல் நின்று நிழல் கொடுக்கும். சிலவேளை வயிற்றிறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைக்கும். படத்துக்காக அதைக் கொஞ்ச நேரம் எழுப்பி வைத்தாலே உள்ளே கரு வெந்துவிடக்கூடும். முட்டையை எடுப்பது குற்றம் என்று 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நிழலை மட்டும் எடுத்துக்கொண்டு போனவரை எந்தப் பிரிவில் பிடிப்பது?

உங்கள் படத்திலிருந்தது, 2023இல் ஆய்வாளர்கள் தனி இனமென்று ஏற்று அனுமனின் பெயரைச் சூட்டிய உப்புக்கொத்தி என்றே எனக்குப் படுகிறது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கூடுவைக்கும் குருவி. பெயர் வந்தபின் படம்பிடிக்கும் ஆசையும் கூடத்தானே செய்யும்?

படமே எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வான் வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருக்கலாம். நடந்துவரும் மனிதனைக் கண்டு எழும்பும் குருவி, அசையாமல் நிற்கும் வாகனத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. இரை பொறுக்குவதை விட்டுத் தலையை நிமிர்த்தினால், நாம் வரவேண்டிய தூரத்தைத் தாண்டி வந்துவிட்டோம் என்று அர்த்தம். பின்வாங்க வேண்டியதுதான். கைத்தொலைபேசியில் குருவியின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் வித்தையும் இப்போது நடக்கிறது. கூடுவைக்கும் காலத்தில் அது, எதிரி வீட்டு வாசலில் நின்று சண்டைக்குக் கூப்பிடுவதற்குச் சமம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பறவைப் படம் அனுப்புகிறவரிடம், எவ்வளவு தூரத்தில் நின்று எப்படி எடுத்தார் என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். நிலத்தில் கூடுவைக்கும் பறவைகளின் முட்டைப் படங்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். இடத்தின் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு வந்த குறிப்பில் கடற்கரையின் பெயர் மட்டுமல்ல, எந்த விடுதிக்குப் பின்னால் என்பதும் இருந்தது. திங்கட்கிழமை பின்னேரம் நான் அங்கே போனேன். இரண்டு வான்கள் நின்றன. முக்காலிகளோடு ஐந்து பேர் மணலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படப்பிடிப்பாளர்,
உப்புவெளி, திருகோணமலை.