பாரிட்டனை மாணவர் கையில் கொடுங்கள்

ஐரோப்பிய இசைக் கல்லூரிகளின் பழைய இசைத் துறைத் தலைவர்களுக்கும், இசைக்கருவி அருங்காட்சியகங்களின் காப்பாளர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் வயோலா ட காம்பா என்ற பழைய ஐரோப்பிய வில் கருவியை வாசிப்பவன். காம்பாக்களும் பாரிட்டன்களும் செய்வது என் தொழில். இந்த மடலின் ஜெர்மன் வடிவம் உங்களுக்குத் தனியே வந்து சேரும். முதலில் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் வீணை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கருவி சட்டென்று பிடிபடும். அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாணவர்களில் ஒருவர் கையிலாவது ஒரு பாரிட்டனைக் கொடுங்கள். ஒரு மாலைக்கோ ஒரு பயிலரங்குக்கோ அல்ல, வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு ஆண்டு வைத்து வாசிக்கும்படி கொடுங்கள்.

பாரிட்டனைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காம்பாவைப் போலவே கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வில்லால் வாசிக்கும் கருவி இது. வீணையில் இருப்பதுபோல மெட்டுகள் கட்டிய விரல்பலகையின் மேல் ஆறு அல்லது ஏழு குடல் நரம்புகள் ஓடும். அவற்றுக்குப் பின்னால், தண்டிக்குள்ளேயே, இன்னொரு வரிசை உலோகத் தந்திகள் உண்டு. சில கருவிகளில் ஒன்பது பத்து, சிலவற்றில் அதற்கும் மேல். வில் மேலே நரம்பை இழுக்கும்போது இந்தத் தந்திகள் தாமாகவே அதிர்ந்து கூட ஒலிக்கும். அது மட்டும் என்றால் வயோலா தமோரே என்ற இன்னொரு பழைய வில் கருவியிலும் உண்டு. பாரிட்டனில் தண்டியின் பின்பக்கம் திறந்திருக்கும். நான்கு விரல்கள் மெட்டுகளின் மேல் ராகம் பிடித்துக்கொண்டிருக்க, இடக்கைக் கட்டைவிரல் பின்னாலிருந்து அந்தத் தந்திகளை மீட்டும். வீணையில் வலக்கைச் சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தட்டிக்கொண்டே போவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அந்தப் பக்கத் தந்திகள் தாளத்தோடு நிற்பதில்லை, கீழ்ச் சுரங்களையும் அவையே பேசுகின்றன. ஒரே ஆள் வில்லால் பாடி, கட்டைவிரலால் தனக்குத்தானே பக்கவாத்தியமும் வாசிக்கிறார்.

17ஆம் நூற்றாண்டிலேயே இது முழு வடிவம் பெற்றுவிட்டது. மக்னுஸ் ஃபெல்ட்லென் 1647இல் செய்த பாரிட்டன் லண்டன் ராயல் இசைக் கல்லூரியின் சேகரிப்பில் இருக்கிறது. ஆனாலும் உலகம் இதை ஒரே ஒரு மனிதரை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது. இளவரசர் நிக்கோலாஸ் எஸ்டர்ஹாஸி, இசையமைப்பாளர் யோசஃப் ஹைடனின் எஜமானர். வியன்னாவின் யோஹான் யோசஃப் ஸ்டாட்ல்மன் 1750இல் செய்த அவருடைய பாரிட்டன் இன்றும் புடாபெஸ்டில், ஹங்கேரிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இளவரசருக்கு இந்தக் கருவி மேல் அப்படி ஒரு பித்து. 1765இல் ஹைடனுக்கு எழுத்திலேயே ஒரு கண்டிப்பு போனது: இன்னும் முனைப்பாக இசை எழுத வேண்டும், குறிப்பாக இளவரசர் வாசிக்கும் இந்தக் கருவிக்கு. ஹைடன் எழுதித் தள்ளினார். பாரிட்டன், வயோலா, செல்லோ மூன்றுக்குமான ட்ரையோக்கள் மட்டும் 126.

இவற்றை 'இளவரசரைக் குளிர்விக்க எழுதிய சில்லறை வேலை' என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்கவில்லை. இளவரசரின் பிறந்தநாளுக்கென்று எழுதிய 97ஆம் ட்ரையோவை எடுத்துப் பாருங்கள். ஏழு பகுதிகள், கடைசியில் ஒரு ஃபியூக், அதாவது ஒரே இசைவரியைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம். மூன்றே குரல்களை வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியும் என்று ஹைடன் இந்த ட்ரையோக்களில்தான் தன்னைத்தானே பழக்கிக்கொண்டார் என்பது என் உறுதியான எண்ணம். எஸ்டர்ஹாஸி இசைக்குழுவின் முதல் வயலின்காரர் லூயிஜி தொமாஸினியும் பாரிட்டன் ட்ரையோக்கள் எழுதியிருக்கிறார்.

'செல்லோவிலோ வயலினிலோ வாசித்தால் ஆகாதா?' என்று உங்கள் துறைகளில் கேட்கிறார்கள். வாசிக்கலாம், வாசிக்கிறார்கள். ஆனால் என்ன போகிறது என்று தெரிந்துதான் வாசிக்க வேண்டும். பாரிட்டனுக்கு எழுதியது தாளில் ட்ரெபிள் க்ளெஃபில், அதாவது உயர்ந்த சுரங்களுக்கான குறியீட்டில் இருக்கும், ஒலிப்பது ஒரு ஸ்தாயி கீழே. அதை வயலினுக்குக் கொடுத்தால் ராகம் மேலே தனியாகப் போய் நின்றுவிடும். பாரிட்டனில் அதே ராகம் வயோலாவோடும் செல்லோவோடும் ஒரே உயரத்தில் தோளுரசிக்கொண்டு நடக்கும், சில இடங்களில் வயோலாவுக்குக் கீழேயும் இறங்கும். அந்த மங்கலான, அடர்ந்த நிறத்துக்காகத்தான் ஹைடன் வயலினைச் சேர்க்காமல் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். செல்லோவுக்குக் கொடுத்தால் உயரம் சரியாகிவிடும், ஆனால் கட்டைவிரல் தந்திகள் போய்விடும். செல்லோக்காரர் விரலால் மீட்டினால் சுரம் அடுத்த நொடியே அடங்கும். பாரிட்டன் தந்தியை மீட்டிவிட்டால் அது தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும், அடக்க வழியில்லை. அடுத்து வரும் சுரம் இதன் மேலேயே வந்து விழ வேண்டும். ட்ரையோக்கள் பெரும்பாலும் டி, ஏ, ஜி மேஜர் என்ற சுருதிகளிலேயே சுற்றிவருவதற்குத் திறந்த தந்திகளின் சுருதிதான் காரணம். ஹைடனின் சுரத்தாளில் சில சுரங்களுக்குக் கீழே சின்னச் சின்ன எண்கள் இருக்கும். எந்தத் தந்தியைக் கட்டைவிரல் தொட வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. மாற்றி எழுதிய பதிப்புகளில் முதலில் காணாமல் போவது அந்த எண்கள்தான்.

'மிகக் கடினமான கருவி, அதனால்தான் அழிந்தது' என்று இன்னொரு பேச்சு. கடினம்தான். காம்பாவில் தண்டியைத் தாங்கி நிற்கும் கட்டைவிரலுக்கு இங்கே வேறு வேலை வந்துவிடுவதால், முழுக்கையும் தாங்கலில்லாமல் தொங்கும். முதல் சில மாதங்கள் தோள் வலிக்கும். ஆனால் ஹைடனே முதுமையில் சொன்ன கதை ஒன்று உண்டு. இளவரசருக்குத் தெரியாமல், இரவுகளில் அரை வருடம் பழகி, அவர் முன்னால் பாரிட்டன் வாசித்துக் காட்டியிருக்கிறார். இளவரசர் ஒரே சுருதியில் வாசிக்க, ஹைடன் பல சுருதிகளில் வாசித்தார். இளவரசர் பெரிதாக மெச்சவில்லை என்பது வேறு விஷயம். தந்திக் கருவி பழகிய ஒரு கை, வேலை முடிந்த பிறகான இரவுகளில், அரை வருடத்தில் எட்டக்கூடிய தூரம் அது என்பதே எனக்கு முக்கியம்.

என் பார்வையில் பாரிட்டன் அழிந்ததற்குக் காரணம் அதன் கடினம் அல்ல, புரவலர் போனது. 1770களின் நடுவில் இளவரசரின் ஆர்வம் ஓபரா பக்கம் திரும்பியது, ட்ரையோக்களும் நின்றன. 1790இல் அவர் இறந்தார். ஆந்த்ரேயாஸ் லிடல், கார்ல் ஃப்ரான்ஸ் போன்ற ஓரிருவர் ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கற்றுக்கொள்ள ஒரு வரிசை இல்லை. யாராவது கேட்டால்தான் கருவி செய்வார்கள், கருவி இருந்தால்தான் பழகுவார்கள், பழகியவர் இருந்தால்தான் யாராவது கேட்பார்கள். இந்த வட்டத்தை 20ஆம் நூற்றாண்டில் யானோஷ் லீப்னர், ஜான் ஷூ போன்ற பாரிட்டன் கலைஞர்கள் தனியாளாகவே முட்டித் திறந்தார்கள். ஹைடன் மறைந்து 200 ஆண்டு ஆனதையொட்டி, 2009இல் எஸ்டர்ஹாஸி ஆன்சாம்பிள் என்ற இசைக்குழு அவருடைய பாரிட்டன் படைப்புகள் முழுவதையும் 21 குறுந்தகடுகளாக வெளியிட்டது. கேட்பதற்கு இசை கிடைத்துவிட்டது. வாசிக்கக் கருவிதான் இல்லை.

காப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். காம்பாவின் தண்டி கெட்டியான ஒரே மரம். பாரிட்டனின் தண்டியோ பின்பக்கம் திறந்த நீளப் பெட்டி. குடல் நரம்புகளின் இழுவையையும் உலோகத் தந்திகளின் இழுவையையும் சேர்த்து, நடுவே குடைந்தெடுத்த அந்த மரம்தான் தாங்க வேண்டும். சுவரைத் தடிமனாக விட்டால் கட்டைவிரல் தந்தியை எட்டாது. மெலிதாக்கினால் தண்டி மெல்ல முன்னே வளைந்து, நரம்பு விரல்பலகையை விட்டு எழும்பிவிடும். தந்திகள் மேற்பலகையில் போய்ச் சேரும் சாய்ந்த கட்டையை எந்தக் கோணத்தில் ஒட்டுவது என்பதிலும் இதே இழுபறிதான். சுருதியும் லேசில் நிற்காது. ஈரம் ஏறினால் குடல் நரம்பு ஒரு பக்கம் போகும், சூடு ஏறினால் தந்தி இன்னொரு பக்கம் போகும். பழைய தச்சர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கான விடை உங்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த படங்கள் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை: தண்டி உச்சியில் செதுக்கிய தலை, ஒலித்துளைகள், தந்தம் பதித்த வேலைப்பாடு. காட்சிப் பெட்டியிலும் கருவியின் முதுகு சுவரைப் பார்த்தே நிற்கிறது. எங்களுக்கு வேண்டியது அந்த முதுகுதான்.

ஓர் அருங்காட்சியகத்துக்குப் பின்பக்க அளவுகள் கேட்டு எழுதினேன். அனுமதிப் படிவம், பிறகு கட்டணப் பட்டியல், பிறகு அந்தக் கருவி ஆய்வில் இருப்பதால் இப்போது இயலாது என்ற பதில், பிறகு மௌனம். பெயர் சொல்லி யாரையும் குறை கூறுவது என் நோக்கமல்ல. அந்த ஆய்வின் அளவுகளையும் ஸ்கேன் படங்களையும் பொதுவில் வைத்திருந்தால், நான் எழுதியிருக்கவே வேண்டாம், அவர்களும் பதில் எழுதி நேரத்தைச் செலவழித்திருக்க வேண்டாம். மூலக் கருவிகளை வாசிக்கக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சியும். தண்டிச் சுவரின் தடிமன், தந்திப் பாதையின் அகலம், பழைய தந்தி எதுவும் மிஞ்சியிருந்தால் அதன் விட்டம், பின்னாலிருந்து நல்ல வெளிச்சத்தில் சில படங்கள். இவ்வளவுதான். ஒரு முறை வெளியிட்டுவிட்டால், எந்த நாட்டுத் தச்சரும் அதைப் பார்த்துச் செய்வார்.

துறைத் தலைவர்களுக்குச் சொல்ல வேண்டியது பணத்தைப் பற்றியது. பாரிட்டன் செய்யக் காம்பாவைவிட அதிகம் ஆகும். தண்டி வேலையே இரட்டிப்பு, பிரடைகளும் இரட்டிப்பு. ஒரு கல்லூரி தனியாக வாங்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. மூன்று கல்லூரிகள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். இரண்டாண்டுக்கு ஒருவர் வீதம், காம்பா படிக்கும் மாணவருக்குக் கடனாகக் கொடுங்கள். வாரம் ஒரு வகுப்பும், ஆண்டு முடிவில் வயோலா, செல்லோ மாணவர்களோடு ஒரு ட்ரையோவும் போதும். தயவுசெய்து 'வினோதக் கருவிகள்' நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கட்டைவிரல் வித்தை ஒன்றுதான் தெரியும், இசை தெரியாது.

என் பங்குக்கு, இதுவரை நான் வரைந்த தண்டி வரைபடங்கள் அனைத்தையும் கேட்கும் எவருக்கும் இலவசமாகத் தருகிறேன். கல்லூரிக்கென்று செய்யும் முதல் கருவிக்கு மரச்செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். அதைப் பழகும் மாணவருக்கு முதல் ஆண்டு நானே வந்து கற்றுத் தருகிறேன். கருவி வாங்கும் பட்டியலை உங்கள் துறைகள் கோடை விடுமுறைக்கு முன்பே முடிவு செய்துவிடும் என்று அறிகிறேன். இந்த ஆண்டுப் பட்டியலில் பாரிட்டனுக்கு ஒரு வரி சேர்ப்பீர்களா, மாட்டீர்களா என்பதை அதற்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாரிட்டன் செய்பவனும் வாசிப்பவனும்