பெற்றோர் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள்

அடையாளம் தெரியாத சடலங்களின் கோப்புகளைக் கையாளும் காவல் அதிகாரிகளுக்கும் தடய அறிவியல் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். வீட்டைவிட்டுப் போனபோது என் தம்பிக்கு 16 வயது. அவனுடைய எலும்புகள் வேறொரு காவல் எல்லையில், எண் மட்டும் எழுதப்பட்ட பெட்டி ஒன்றில் கிடந்தன என்பதை, கடைசிவரை அவனைத் தேடிய பெற்றோர் இருவரும் மறைந்த பிறகுதான் அறிந்தோம். பழைய கோப்பை மறுபடி கையில் எடுத்து அவனுடைய பெயரைக் கண்டறிந்தவர்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அம்மா இருக்கும்போதே கிடைத்திருக்கக்கூடிய விடை இது என்பதால், நன்றியோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை.

காணாமல்போனவர் பதின்பருவத்தினர் என்றால், கோபித்துக்கொண்டு போனவன் தானே திரும்பி வருவான் என்று சொல்லிப் புகாரைப் பதியாமலே அனுப்பிவிடுவது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. சிறுவர் வயதைக் கடந்துவிட்டார் என்பதை மட்டும் காரணமாகக் காட்டிக் காணாமல்போனோர் பதிவை நீக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டில் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பட்டியலில் இல்லாத பிள்ளையோடு எந்தச் சடலத்தை யார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்?

எலும்புகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வளரும் உடலில் நீண்ட எலும்புகளின் முனைகள் முழுமையாக இணைந்திருக்காது, கடைவாயின் ஞானப்பல்லும் வேர் முற்றியிருக்காது என்பதால், பதின்பருவத்தினரின் வயதைப் பெரியவர்களின் வயதைவிடத் துல்லியமாகக் கணிக்க முடியும். அப்படியிருந்தும் தம்பியைப் பற்றிய முதல் அறிக்கையில் 20 முதல் 30 வயது என்று எழுதியிருந்தார்கள். 16 வயதுப் பையனைத் தேடிய எவர் கண்ணிலும் அவன் படாமல் போனதற்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. பழைய கோப்பைத் திறக்கும்போது முதலில் அந்த மதிப்பீட்டைச் சந்தேகியுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பெற்றோரின் டி.என்.ஏ. மாதிரியைப் பற்றி. தாய்வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சிதைந்த எலும்பிலும் பெரும்பாலும் எஞ்சியிருக்கும்; ஆனால் ஒரே தாய்வழியில் வந்த பலருக்கும் அது பொதுவானது என்பதால், உடன்பிறந்தவளான என்னுடைய மாதிரியில் அதைப் பொருத்திப் பார்ப்பது மட்டும் போதாது. தாய், தந்தை இருவரின் மாதிரிகளும் இருந்தால் கிடைக்கும் உறுதியே வேறு. 2018 முதல் பரவலாகப் பேசப்படும் மரபணு வம்சாவளி ஆய்வு, தூரத்து உறவினரிலிருந்து குடும்ப மரத்தைக் கட்டியெழுப்பிப் பெயரைக் கண்டுபிடித்துவிடுகிறது. டெக்சாஸில் 1980இல் சடலமாகக் கிடைத்த 14 வயதுச் சிறுமி யாரென்பது 2021இல் அப்படித்தான் தெரியவந்தது. அந்தத் திறமையை வியக்கிறேன். ஆனால் எந்தப் பெற்றோரால் 41 ஆண்டுகள் காத்திருக்க முடியும்? கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுக்கச் சில நிமிடங்கள் போதும். எங்கள் பெற்றோரிடம் அதை யாரும் கேட்கவில்லை. எல்லை தாண்டிப் போனவர்களுக்காக இன்டர்போல் 2021இல் தொடங்கிய ஐ-ஃபமிலியா தரவுத்தளமும் உறவினர் மாதிரி வந்து சேர்ந்தால்தான் பயன்படும். ஆகவே, தீராத புகார் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும், முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு முதலில், நீங்களே செல்லுங்கள். எடுக்கும் மாதிரி காணாமல்போனவரைத் தேடுவதற்கு மட்டுமே பயன்படும் என்பதை எழுதியும் கொடுங்கள். வேறு எதற்காவது பயன்படுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தால் தயங்கும் குடும்பங்கள் உண்டு.

பெயர் உறுதியானதும் செய்தியாளர்களுக்கு முன்பாகக் குடும்பத்திடம் நேரில் சொல்ல வேண்டும் என்பதை நான் கோரிக்கையாக வைக்க வேண்டியிருப்பதே வருத்தம்தான். எங்கள் சித்தி அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் அறிந்தார்.

அடையாளம் தெரிந்துவிட்டதால் கோப்பு முடிந்துவிடவில்லை. தம்பி வீட்டைவிட்டுப் போன நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையே எங்கே இருந்தான், யாரோடு இருந்தான், எப்படி இறந்தான் என்பவற்றுக்கு இன்னும் விடையில்லை. அவனோடு படித்தவர்களுக்கும் அந்தப் பகுதியில் அப்போது வேலை செய்தவர்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. அவர்களையாவது காலம் கடத்தாமல் விசாரித்து, விசாரணை அதிகாரி யார் என்பதை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா