மலச்சிக்கல் சோம்பேறிகளின் நோயா?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில் மலச்சிக்கல் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். தவிட்டோடு இருக்கிற சிவப்பரிசி, குரக்கன், கீரை, பழம் சாப்பிடச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் நாட்பட்ட மலச்சிக்கல் பெரும்பாலும் சோம்பேறிகளுக்கும் உடம்பை அசைக்காத பெண்களுக்கும்தான் வருகிறது என்று நடுவில் ஒரு வரி இருந்ததே, அதை எழுதியவர்தான் யோசிக்கவில்லை, நீங்களாவது பார்த்திருக்கக்கூடாதா? என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகை என்பதால்தான் இவ்வளவு மனவருத்தம்.

நான் மூதூர்க்காரி. திருகோணமலை நகரத்தில் ஒரு புடவைக்கடையில் பல வருடம் வேலை செய்தவள். விடியமுன் எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, இரண்டு வாய் சாப்பிட்டும் சாப்பிடாமலும் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். காலைச் சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், வெளிக்குப் போக அதுதான் நல்ல நேரம் என்று பிற்காலத்தில் ஒரு டொக்டர் சொன்னார். அந்த நேரத்தில் நான் நெரிசலில் கம்பியைப் பிடித்தபடி கிண்ணியாப் பாலத்தைக் கடந்துகொண்டிருப்பேன். கடைக்கு வந்தால் பின்பக்கம் ஒரேயொரு மலசலகூடம். அதன் திறப்பு முதலாளியின் மேசை லாச்சிக்குள். சனம் நிறைந்து நிற்க, ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முன்னால் போய்த் திறப்புக் கேட்க வேண்டும். “இப்பதானே போனனீர்?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை கேட்கும்? அடக்கிக்கொண்டோம்.

அடக்கினால் நடப்பதை அந்தக் கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். மலம் குடலில் தங்கத் தங்க அதிலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகிவிடும். மலக்குடலும் விரிந்து பழகிப்போக, நாளடைவில் வருகிற உணர்வே மழுங்கிவிடும். அப்புறம் லீவு நாளில் வீட்டில் ஆறுதலாக இருந்தாலும் வராது. எனக்கு முக்கி முக்கி ஆசனவாயில் வெடிப்பு வந்து இரத்தம் போனது. அந்த நோவுக்குப் பயந்து இன்னும் அடக்க, மலம் இன்னும் இறுகியது. என்னோடு வேலை செய்த பிள்ளைகளில் சிலர் மூலத்தோடு நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்த்தார்கள். இவர்களில் யார் ஐயா சோம்பேறி?

தண்ணீர் நிறையக் குடிக்கட்டுமாம். ஒதுங்க இடமில்லாதவள் தண்ணீர் குடிப்பாளா? என் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற தண்ணீர்ப் போத்தல் போனபடியே திரும்பி வரும். கேட்டால், கதவுக்குக் கொண்டி இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை என்பாள். இறுகிய மலம் சலப்பையை நெருக்குவதால் பிள்ளைகளுக்குச் சலத்தில் கிருமி தொற்றுவதும் உண்டு. 2006 ஆகஸ்டில் சண்டை வந்து மூதூரை விட்டு ஓடிய பிறகு முகாமில் நாங்கள் பட்ட பாடு வேறு. ஆண்களும் பெண்களும் ஒரே வரிசை. இருட்டட்டும் என்று காத்திருந்து, இருட்டினால் போகப் பயந்து, பெண்கள் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார்கள். அதையெல்லாம் அப்போது எந்தப் பத்திரிகையிலும் நான் வாசித்ததில்லை.

என் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தவர். நோவுக்கு ஒரு குளிசை, இரத்தம் குறைவென்று இரும்புக் குளிசை. இரண்டுமே மலத்தை இறுக்கக்கூடியவை, ஆனால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அவரும் அடக்கியிருக்கிறார். ஒருநாள் தண்ணீராகப் போகத் தொடங்கியது. வயிற்றோட்டம் என்று மருந்துக்கடையில் அதை நிறுத்துகிற குளிசை தந்தார்கள். அம்மாவுக்கு வயிறு ஊதி, சாப்பாடு இறங்காமல், சலமும் போகாமல் துடித்தார். ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ்ஸி கையுறை போட்டு விரலால் சோதித்தபோதுதான் தெரிந்தது, உள்ளே கல்லுப் போல மலம் அடைத்திருக்கிறது, அதன் ஓரத்தால் கசிந்த நீரைத்தான் நாங்கள் வயிற்றோட்டம் என்று நினைத்திருக்கிறோம். அந்த மிஸ்ஸி முகம் சுளிக்காமல், “கொஞ்சம் பொறுங்க அம்மா” என்று சொல்லிச் சொல்லி எடுத்துவிட்டார். படுக்கையில் இருக்கிற வயதானவர்களைப் பராமரிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டிய விஷயம் இது. தைரொயிட் சுரப்புக் குறைவு, நீரிழிவு, பார்க்கின்சன் நோய் இவற்றாலும் மலச்சிக்கல் வரும். ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை.

அதற்குப் பதிலாக, அதே பக்கத்தின் அடியில் மூலத்தை ஒரே வாரத்தில் மாற்றும் என்று ஒரு பேதி மருந்து விளம்பரம். தினமும் வயிறு சுத்தமாக வேண்டும் என்று பயமுறுத்தல் வேறு. கிழமைக்கு மூன்று தரம் கஷ்டமில்லாமல் போனாலே அது நோயில்லை என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். இரத்தம் போகிறவர், காரணமில்லாமல் மெலிகிறவர், ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று வழக்கம் மாறியவர் இந்த விளம்பரத்தை நம்பி இருந்துவிட்டால், குடலில் புற்றுநோய் இருந்தாலும் பிந்தித்தான் தெரியவரும். விளம்பரக் காசு உங்களுக்கு வேண்டியிருக்கலாம். மருத்துவப் பக்கத்திலா அதைப் போட வேண்டும்?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அந்த ஒரு வரி பிழை என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள். பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் கடை முதலாளிமார் மலசலகூடத் திறப்பைத் தங்கள் லாச்சியில் பூட்டாமல் வெளியே ஓர் ஆணியில் மாட்டிவைக்க வேண்டும் என்று உங்கள் பக்கத்தில் ஒருதரம் எழுதுங்கள். பஸ் நிலைய மலசலகூடம் பற்றி முன்பு நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. இதை இடம் போதாமல் சுருக்குவதென்றால் என் கடைக்கதையை வெட்டுங்கள், அம்மாவுக்கு நடந்ததை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
மூதூர், திருகோணமலை.