யாருக்குக் கட்டிய விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் ஆன்மிகப் பக்கங்களில் ஒரே கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. மனிதர் செய்த பாவத்தால் கடவுள் கோபம் கொண்டாராம். தம் மகன் இயேசுவையே பலி வாங்கிய பிறகுதான் சாந்தமானாராம். கிறிஸ்தவர்களிலேயே பலர் இப்படிப் பேசுவதால் எழுதுபவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மீட்பு, பலி என்ற இரண்டு சொற்களுக்கும் திருவிவிலியத்தில் உள்ள பொருள் வேறு. செட்டிநாட்டு வாசகருக்கு அதை விளங்க வைப்பது கடினமில்லை, இரண்டுமே நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள்.

அசலும் வட்டியும் கட்டி அடகுக்கடையிலிருந்து சங்கிலியை வாங்கி வருவதை 'மீட்பது' என்கிறோம். பேச்சில் 'நகையைத் திருப்பியாச்சு' என்போம். நாளிதழில் வரும் ஏல அறிவிப்பிலும் 'மீட்கப்படாத நகைகள்' என்றுதான் இருக்கும். இந்தச் சொல்லுக்குள் மூன்று செய்திகள் உண்டு. அந்த நகை முன்பே நம்முடையது. அது தன்னைத் தானே மீட்டுக்கொள்ளாது. மீட்பவர் கையிலிருந்து ஏதோ ஒன்று போயாக வேண்டும்.

பழைய ஏற்பாட்டில் இஸ்ரயேலருக்கான சட்டங்களைச் சொல்லும் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் இதையே சட்டமாக வகுக்கிறது. வறுமையால் ஒருவர் நிலத்தை விற்றால், நெருங்கிய உறவினர் அதை மீட்டுத் தர வேண்டும். தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவரை மீட்பதற்கும் வரிசை உண்டு: உடன்பிறந்தார், அடுத்துத் தந்தையின் உடன்பிறந்தார், பிறகு அவர்களின் பிள்ளைகள், அதற்கும் பின் குலத்தில் நெருங்கியவர். நம் பங்காளி முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. இப்படி மீட்கும் உறவினருக்கு எபிரேயத்தில் 'கோயேல்' என்று பெயர். விற்ற நிலம் உரியவருக்குத் திரும்பி, அடிமையானவர் விடுதலை பெறும் 50ஆம் ஆண்டான யூபிலி ஆண்டு வரை எத்தனை ஆண்டுகள் மீதி என்று எண்ணியே விலை போடுவார்கள். யூபிலிக்கு 20 ஆண்டு இருக்கும்போது 20 வெள்ளிக்காசுக்கு விலைபோனவரை 12 ஆண்டு கழித்து மீட்க 8 காசு போதும். மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு மட்டும் கெடு ஓராண்டு. அது தவறினால் வீடு வாங்கியவருக்கே நிலைத்துவிடும்.

ரூத்து நூலில் இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். ரூத்தின் இறந்த கணவருக்கு உறவினரான போவாசு, நகர வாயிலில் 10 பெரியவர்களை உட்கார வைத்து அந்தக் குடும்பத்தின் நில வழக்கை எடுக்கிறார். முதல் உரிமை உள்ள உறவினர், நிலம் என்றதும் 'மீட்கிறேன்' என்கிறார். கைம்பெண் ரூத்தையும் மணந்து இறந்தவர் பெயரை நிலைநிறுத்த வேண்டும் என்று தெரிந்ததும், தன் சொத்து பாழாகும் என்று பின்வாங்கி, உரிமையை விட்டதற்கு அடையாளமாக மிதியடியைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். போவாசு அந்த இழப்பை ஏற்று மீட்கிறார். மீட்பவன் உறவினன், மீட்பதால் இழப்பும் அவனுக்கே. கிறிஸ்துவை 'மீட்பர்' என்று அழைக்கும்போது கிறிஸ்தவம் சொல்வது இதைத்தான். மனிதராகப் பிறந்ததால் அவர் நமக்கு உறவினர் ஆனார், தம் உயிரையே ஈடாக வைத்தார். பேதுருவின் முதல் திருமுகம் (கடிதம்) 'பொன்னாலும் வெள்ளியாலும் அல்ல' என்று தெளிவாகவே சொல்கிறது.

விலை என்றால் யாருக்குக் கட்டியது? பிழை நுழைவது இந்தக் கேள்வியில்தான். மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் ஒரிஜன், சாத்தானுக்கு என்றார். நான்காம் நூற்றாண்டில் நாசியான்சு நகர் ஆயர் கிரகோரியார் அதைக் கடுமையாக மறுத்தார். கொள்ளைக்காரனுக்கு மீட்புப் பணமா என்று கேட்டார். தந்தையாகிய கடவுள் அதைக் கேட்டு வாங்கினார் என்பதையும் அவர் ஏற்கவில்லை. 1098ஆம் ஆண்டளவில் இறையியலாளர் அன்செல்ம், பாவத்தால் கடவுளுக்குரிய மாண்பு குறைந்தது, மனிதரால் ஈடுசெய்ய முடியாத அதைக் கடவுளே மனிதராகி ஈடுசெய்தார் என்று விளக்கினார். அவர் பேசியது ஈடுசெய்தலைப் பற்றி, தண்டனையைப் பற்றி அல்ல. நம் தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார் என்ற விளக்கம் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் காலத்தில் வலுப்பெற்றது. கோபம் தணிந்த கதை, அதையும் கொச்சையாகச் சுருக்கிச் சொல்வதால் வருவது. விடுதலைப் பயண நூலை ஒருமுறை புரட்டினாலே போதும். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரயேலரிடம் 'ஓங்கிய கையால் உங்களை மீட்பேன்' என்கிறார் கடவுள். அங்கேயும் அதே 'கோயேல்' வேர்ச்சொல்தான். ஆனால் எகிப்து மன்னன் பார்வோனுக்கு ஒரு காசுகூடப் போகவில்லை. மீட்பவருக்கு இழப்பு உண்டு என்பதற்காக, வாங்கிக்கொள்ள எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இனி பலி. அதற்குரிய எபிரேயச் சொல் 'கோர்பான்'. 'அருகில் வருதல்' என்ற வேரிலிருந்து பிறந்தது. எரிபலியின் முறை லேவியர் முதல் அதிகாரத்தில் உள்ளது. பழுதில்லாத ஆண் விலங்கைக் கொண்டு வருபவர் அதன் தலைமேல் தம் கையை வைக்க வேண்டும். வெட்டுவதும் அவரே. இரத்தத்தைப் பீடத்தைச் சுற்றித் தெளிப்பதும் பீடத்தில் எரிப்பதும் குருவின் வேலை. பிறகு தோலை உரித்து, துண்டுகளாக்கி, குடலையும் கால்களையும் தண்ணீரில் கழுவி, முழுவதையும் எரிப்பார்கள். தோல் குருவுக்கு. ஆள் அனுப்பிச் செய்துவிட்டு வீட்டில் இருக்க முடியாது, கை வைக்க உரியவர் வந்தே ஆக வேண்டும்.

பாவம் போக்கும் பலிக்கு ஆடு வாங்க வசதியில்லாதவருக்கு இரண்டு புறா. அதற்கும் வழியில்லை என்றால் ஏப்பா என்ற அளவையில் பத்தில் ஒரு பங்கு மாவு, அதாவது ஏறத்தாழ 2 லிட்டர். எண்ணெயும் சாம்பிராணியும் அதில் சேரக் கூடாது. இரத்தமே இல்லாத மாவுக்கும் மன்னிப்பு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டு வந்தபோது மரியா தம் தூய்மைச் சடங்குக்குக் கொடுத்ததும் ஏழைகளுக்கென்று விதித்த பறவைகளைத்தான்.

குற்றப்பழி நீக்கும் பலிக்கு இன்னும் கண்டிப்பு அதிகம். நம்பி ஒப்படைத்த பொருளையோ அடகுப் பொருளையோ இல்லை என்று பொய்யாணை இட்டவர், முதலில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு கூட்டி. 5 பவுனை மறைத்தவர் 6 பவுன் தர வேண்டும், உரியவர் கையில். பிறகுதான் ஆட்டுக்கிடாய். பவுனை வைத்துக்கொண்டு கிடாயை மட்டும் கொண்டு போனால் அது பலியே இல்லை. துணிந்து கடவுளை இகழ்ந்து செய்யும் பாவத்துக்கோ எண்ணிக்கை நூலில் பலியே விதிக்கவில்லை. நொண்டியும் குருடுமான ஆட்டைக் கொண்டு வந்தவர்களிடம், 'அதை உன் ஆளுநருக்குக் கொடுத்துப் பார், ஏற்றுக்கொள்வானா?' என்று இறைவாக்கினர் மலாக்கி கேட்டார். கடவுளுக்குக் கொடுத்துச் சரிக்கட்டும் கையூட்டாகப் பலி ஆகிவிடக் கூடாது என்பதில் இறைவாக்கினர் எல்லாரும் பிடிவாதமாகவே இருந்தார்கள்.

கருப்பருக்குக் கிடா வெட்டிப் பங்காளிகளோடு கூடிச் சாப்பிடும் நம்மூர் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நல்லுறவுப் பலி பிடிபடும். கொழுப்பு பீடத்துக்கு, நெஞ்சும் வலத் தொடையும் குருவுக்கு, மற்றது குடும்ப விருந்துக்கு. நன்றிப் பலியின் இறைச்சியை அன்றைக்கே உண்டு முடிக்க வேண்டும். ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் தீர்க்க அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டால்தான் ஆகும் என்பதை எண்ணியே இப்படி விதித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேவகோட்டைப் பக்கத்தார் நடைப்பயணம் போகும் ஓரியூரைப் பற்றியும் ஒரு சொல். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்ட இயேசு சபைக் குரு அருளானந்தரைச் சிலர் 'பலியானார்' என்று எழுதுகிறார்கள். அவர் மறைசாட்சி, அதாவது நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர். 1947இல் புனிதர் பட்டம் பெற்றவர். அவர் சிந்திய இரத்தம் பிறர் பாவத்துக்கு ஈடு என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்வதில்லை. ஈடான பலி ஒன்றே ஒன்றுதான், அது ஒரே முறைதான் என்கிறது எபிரேயர் திருமுகம். பழைய குருக்கள் நாள்தோறும் நின்றுகொண்டே பலியிட்டார்கள். கிறிஸ்து ஒரே பலியைச் செலுத்திவிட்டு அமர்ந்தார். கோவிலில் அப்பமும் இரசமும் அர்ச்சித்து நடத்தும் திருப்பலியும் புதிய பலி அல்ல, அந்த ஒரே பலிதான் அங்கே நம் முன் வருகிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். புனித வெள்ளிக்கு மறுநாள் 'தேவாலயங்களில் சிறப்புத் திருப்பலி நடைபெற்றது' என்று செய்தி வருகிறது. கத்தோலிக்கக் கோவில்களில் புனித வெள்ளியன்று திருப்பலி கிடையாது. வழிபாடு தொடங்கும்போது பீடத்தில் துணி, மெழுகுவத்தி, சிலுவை எதுவும் இராது. பிற்பகல் 3 மணியளவில் பாடுகளின் வரலாற்றை வாசித்து, பொது மன்றாட்டு முடித்து, சிலுவையை முத்தமிட்டு வணங்கி, முந்தின நாள் மாலைத் திருப்பலியில் அர்ச்சித்து வைத்த நற்கருணையைத்தான் வழங்குவார்கள். இந்த ஆண்டாவது 'திருப்பாடுகளின் வழிபாடு' என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை.